ஏரிக்கரை ஊர்களில் வருவோரும் போவோரும்

ஓர் ஊரின் மக்கள் தொகை இரு வழிகளில் மாறுகிறது. பிறப்பும் இறப்பும் ஒரு வழி. குடிவருவதும் குடிபெயர்வதும் மற்றொரு வழி. முன்னதற்குப் பதிவேடு உண்டு. பின்னதற்குப் பெரும்பாலான பஞ்சாயத்துகளில் ஏடு எதுவும் வைக்கப்படுவதில்லை. அதனால் நேரும் குறை யாது என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வேரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரியாகும். பூநாரைகளைக் காண விடுமுறை நாள்களில் நகரத்தார் திரளாக வருகின்றனர். அவர்கள் மாலையில் திரும்பிவிடுவதால் ஊரின் கணக்கு மாறுவதில்லை. அதை மாற்றிய காரணங்கள் வேறு.

டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்கே கோட்டை கட்டினர், வாணிகம் செழித்தது. 1690-ஆம் ஆண்டில் அவர்களது தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. பழவேற்காட்டின் முதன்மை குன்றிற்று. அண்மைக் காலத்திலோ, ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டா 1969-ஆம் ஆண்டில் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறி வேறிடங்களில் குடியமர்ந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப்பின் கரையோரக் குடும்பங்கள் பல உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சென்றன. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. அங்கிருந்த மீனவக் குடியிருப்பு இடம் மாற்றப்பட்டது.

தலை எண்ணிக்கை மாறினால் மீனவனுக்கு நேர்வதென்ன? இவ்வூர்களில் ‘பாடு’ என்னும் பழைய ஏற்பாடு உள்ளது. ஏரியில் வலையிடும் இடங்களை உரிமையுடையோர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். எடுத்துக்காட்டாக, ஓரிடத்துக்கு 20 பேர் உரிமையாளரெனில் ஒருவருக்கு 20 நாளைக்கு ஒருமுறை வாய்ப்புக் கிட்டும். 40 பேரானால் 40 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்கள் பெருகலாம், ஏரி பெருகாது. பாட்டில் இடமில்லாத பிற ஊராரும், கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதே நீரையே நம்பி வாழ்கின்றனர். எனவே தலைக்கணக்கு என்பது பிழைப்பின் கணக்கேயாகும்.

போவோர் ஏன் போகின்றனர்? கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சு வரத்தும் நீரோட்டமும் குறையும், பிடிப்பும் குறையும். இளைஞர்கள் அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் கூலி வேலை தேடிச் செல்கின்றனர். உழவர் ஊர்களிலும் இத்தகைய நிலை உண்டு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சி இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. நீர் கெட்ட இடத்தில் பயிர் குன்றுகிறது. பயிர் குன்றிய இடத்தில் ஆள் நிலைப்பதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். காலையில் ரயிலேறி இரவில் திரும்புவோர் ஒரு வகை. மீன் குறைந்த மாதங்களில் மட்டும் வெளியே தங்குவோர் இரண்டாம் வகை. குடும்பத்துடன் பெயர்ந்துவிட்டோர் மூன்றாம் வகை. முதல் வகையினருக்குத் தேவை பேருந்து வசதி. இரண்டாம் வகையினரின் பிள்ளைகளுக்குத் தேவை படிப்புத் தடைப்படாமை. மூன்றாம் வகையினர் விட்டுச்சென்ற வீட்டுக்கும் பாட்டு உரிமைக்கும் தேவை தெளிவான முடிவு. மூவரையும் ‘வெளியூர் போனவர்கள்’ என்று ஒன்றாக எண்ணினால் எந்தத் திட்டமும் உரியவரைச் சேராது.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இறுதியாக 2011-ஆம் ஆண்டில் நடைபெற்றது. அடுத்தது 2027-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. பஞ்சாயத்துக்குரிய மானியமும் வார்டுகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் இக்கணக்கையே பொறுத்தவை. வழக்கமாக வசிக்கும் ஒருவர் விடுபட்டால் அந்தப் பங்கு ஊருக்குக் குறையும். வெளியேறியவரை இருப்பவராகக் காட்டுவதும் தவறேயாகும்.

ஆகவே நாம் கூறும் யோசனை எளியது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வந்தோர், போனோர், காரணம், திரும்பும் காலம் என நான்கு பத்திகள் இட்டு, வார்டு உறுப்பினர் வாயிலாக ஆண்டுக்கு இருமுறை நிரப்புக. மணமாகி வரும் பெண்களையும் மறவாமல் குறிக்க. எத்தனை பேர், எக்காரணத்தால் என்னும் தொகையை மட்டும் கிராம சபையில் படித்துக் காட்டுக. தனிக் குடும்பத்தின் செய்தி சபைக்கு வரவேண்டியதில்லை. ‘மீன் இல்லை’ என்ற காரணம் ஆண்டுதோறும் மிகுமாயின், முகத்துவாரம் பற்றிய கோரிக்கைக்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை.

ஊரைவிட்டுப் போவது குற்றமன்று; நல்வாழ்வு நாடிச் செல்வோரைத் தடுக்கவும் இயலாது. ஆயின் வழியில்லாமல் போகிறவர் எத்தனை பேர் என்பதை ஊர் அறிந்திருத்தல் வேண்டும். அதை அறிந்த பஞ்சாயத்தே அவருக்கு வழிசெய்யவும் வல்லதாகும்.