உங்களுக்குத் தெரியுமா? நகத்தோரம் உரியும் தோல்
சோப்பாலும் வெயிலாலும் வறண்டு உரியும் தோலுக்குப் பெரும்பாலும் வாசலினே போதும். கை ஈரம் காயும் முன் தடவுங்கள். உரிவதைப் பிய்க்கவே வேண்டாம்.

ஆனால், சின்னக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நகத்தோரம் தோல் உரிந்தால் அலட்சியம் கூடாது. அது கவாசாகி நோயின் அடையாளமாக இருக்கலாம். ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்த நோய் இது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களைத் தாக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளையே வீங்க வைத்துவிடலாம். காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. தோல் உரியும்போதோ அந்தக் கெடு பெரும்பாலும் கடந்திருக்கும்! விடாத காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்தாலே, உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.