ஊட்டி உயரத்தில் 16 மணி நேரம்

நெடுந்தூர விமானங்கள் 35,000 அடிக்கு மேலே பறக்கின்றன. அந்த உயரத்தின் காற்றில் மனிதர் பிழைக்க முடியாது என்பதால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். தரையில் இருக்கும் அளவுக்கு அழுத்தினால் விமானத்தின் உடல் தாங்க வேண்டிய சுமை மிகவும் கூடிவிடும். அதனால் 8,000 அடி மலை உச்சியில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது சுமார் 6,000 அடி. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஏறிச் சேரும் உயரத்துக்கு, ஒன்றரை வயதுக் குழந்தையின் உடல் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்கிறது. இறங்குவதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான்.

சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகும் குடும்பத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரே பயணத்தில் இரண்டு முறை. இரண்டாவது விமானம் மட்டுமே ஏறத்தாழ 16 மணி நேரம் பறக்கும். அதில் அழும் குழந்தையைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கும், கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த அழுகையில் பிடிவாதம் குறைவு, உடலின் வேதனை அதிகம். எந்த நேரத்தில் எது படுத்தும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியும்.

முதலில் காது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய காற்றறை இருக்கிறது. அதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைப்பது யூஸ்டேஷியன் குழல். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயர் இது. சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் இந்தக் குழல், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுப்பதால் கணநேரம் திறக்கும். விமானம் ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது. நடுச்செவிக் காற்று விரிந்து, தானே குழலைத் தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். கேபின் அழுத்தம் கூடக் கூட, மென்மையான குழல் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். தசை இழுத்துத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். அதுவரை செவிப்பறை உட்புறமாக உறிஞ்சப்பட்டு விண்ணென்று வலிக்கும்.

பெரியவர்களின் குழல் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், 45 பாகை சாய்வு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதிதான். சாய்வும் 10 பாகை அளவே, அதாவது ஏறக்குறைய படுக்கைவாட்டம். திறக்கும் தசைக்கும் இன்னும் வலுவில்லை. இந்த அமைப்பு பெரியவர்களுடையதைப் போல ஆவதற்கு ஏழு வயது வாக்கில் ஆகும். நமக்குக் காது லேசாக அடைப்பதோடு முடிந்துபோவது குழந்தைக்கு ஊசி குத்துவது போல இருக்கும். "காது வலிக்குது" என்று சொல்லத் தெரியாத வயது வேறு.

இதைத் தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியது எளிது. தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடும். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு பாடுபட்டுத் தூங்க வைத்திருந்தாலும், எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது வெகுவாகக் குறையும். குழல் மூடியே கிடக்கும். எழுப்பி, தாய்ப்பாலோ பால்புட்டியோ சிப்பரில் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இறங்கும் நேரத்துக்கென்று பாலை மிச்சம் பிடித்து வைப்பது முக்கியம். பெரும்பாலோர் ஏறும்போதே முழுவதும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். சளி பிடித்திருந்தால் குழலின் வாயே வீங்கியிருக்கும். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுவது நல்லது.

சிப்பர் என்றதும் ஒரு எச்சரிக்கை. தரையில் இறுக மூடிய ஸ்ட்ரா சிப்பருக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து தண்ணீரைத் தள்ளும். திறந்த கணமே முகத்தில் பீய்ச்சியடிக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கொடுங்கள். குடலில் இருக்கும் வாயுவும் இதே விதிப்படி விரியும். நடுவானில் காரணம் தெரியாமல் காலை மடக்கி மடக்கி அழும் குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கலாம். தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொடுத்தால் அடங்கும். கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சென்னைக் காற்றில் வளர்ந்த மூக்குக்கு அது பாலைவனம். கேட்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும்.

தூங்க வைக்க மருந்து கொடுப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பயணத்துக்கு முன் "ஏதாவது சிரப் கொடுங்க, தூங்கிட்டா போதும்" என்று மருந்துக் கடையில் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரப்படும் பழைய மருந்துகளில் தூக்கம் ஒரு பக்கவிளைவு. அவற்றில் ஒன்றான ப்ரோமெதசின், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கக்கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்துத் துறை தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று புட்டியில் குறிப்பிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. சில குழந்தைகளுக்கு இந்த வகை மருந்துகள் தூக்கத்தைக் கெடுத்து, வெறிபிடித்தாற்போல் ஆட வைப்பதும் உண்டு. காற்றில் ஆக்சிஜன் குறைந்த ஓர் இடத்தில், மருத்துவர் பக்கத்தில் இல்லாத நிலையில், இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கால்கள். நடை பழகும் குழந்தைகள் விளையாடும்போது என்ன செய்கிறார்கள் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது. 17 முறை விழுகிறது. அந்த உடலைத்தான் இருக்கையில் கட்டிப்போடுகிறோம். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் நடைவழியில் கைபிடித்து நடத்துங்கள். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்காமல் ஓட விடுங்கள். பொம்மைகளை ஒரேயடியாக எடுத்துக் கொட்டாதீர்கள். பழகிய உருவத்தைவிடப் புதிய உருவத்தையே குழந்தையின் கண் நாடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1964இலேயே காட்டினார். ஒன்றை ஒளித்த பிறகு இன்னொன்றை எடுங்கள். முதலாவது சில மணி நேரம் கழித்து மீண்டும் புதிதாகிவிடும்.

2 வயது வரை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கின்றன விமான நிறுவனங்கள். முடிந்தவர்கள் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு ஏற்பு பெற்ற குழந்தை இருக்கையைப் பொருத்துவதே மேல் என்பது என் கருத்து. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் கட்டுப்பாடிழந்து ஓடுபாதையில் மோதியது. அதில் மடிக்குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழந்தை இறந்தது. அப்படிச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரௌன், குழந்தைகளுக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அதன் பிறகு பல்லாண்டுகள் போராடினார். கட்டாயமாக்கினால் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் போகும், சாலையில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்பது அமெரிக்க விமானத் துறையின் வாதம். நம் பயணத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. கலிபோர்னியாவுக்குக் காரில் போக முடியாது.

இறங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. கலிபோர்னியாவிலிருந்து ஊருக்கு வரும் குழந்தைக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இரவும் பகலும் இடம் மாறிவிடுகின்றன. உடற்கடிகாரம் தோராயமாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். நகர்த்துவது வெளிச்சம். சிறு குழந்தையின் கண்வில்லை நம்முடையதைவிடத் தெளிவானது, ஒளியை அதிகம் உள்ளே விடும். படுக்கைக்கு முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற ஒளியில் விளையாடிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு, தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் 88 சதவீதம் அடங்கிப்போனதை 2018இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு கண்டது. ஆகவே காலையில் வெயிலில் விளையாட்டு, மாலை ஆனதும் டியூப்லைட்டும் செல்போனும் அணைப்பு. இரவு 2 மணிக்குப் பசி என்று எழுந்தால் சிறு விளக்கொளியில் சாதம் ஊட்டிவிட்டு மறுபடி படுக்க வைக்கலாம். மதியத் தூக்கத்தை இரண்டு மணி நேரத்தில் கலைக்க வேண்டும். "பாவம், அசந்து தூங்குது, விடு" என்று பாட்டி தடுப்பார். எழுப்பி, தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு.