சோர்ந்த தசையில் குறைவது எது?

காலையில் ஒருவருக்கு இமைகள் நன்றாகத் திறக்கின்றன; பொழுது சாயச் சாய அவை தாமாகவே தொங்கிவிடுகின்றன. உணவைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துபோகிறது. சற்று இளைப்பாறினால் மீண்டும் வலு வருகிறது. வீட்டார் இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும் உண்டு. இது மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நோய். மூச்சுத் தசைகளைப் பற்றினால் உயிருக்கே ஆபத்து.

நரம்பில் வரும் மின்துடிப்பு தசையை நேராகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளி உண்டு. நரம்பு முனையில் கோலினுடன் அசிட்டைல் தொகுதியை ஒரு நொதி இணைக்கிறது. அப்படி உண்டாகும் அசிட்டைல்கோலின் நுண்பைகளில் அடைபட்டிருக்கும். துடிப்பு வந்ததும் பைகள் திறக்கின்றன. அது இடைவெளியைக் கடந்து தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்த, தசை சுருங்குகிறது. உடனே வேறொரு நொதி அதைச் சிதைத்துவிடும்.

1934-இல் லண்டன் கிரீன்விச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், சிதைக்கும் நொதியைத் தடுக்கும் பைசோஸ்டிக்மினை ஊசி மூலம் செலுத்தினார். நோயாளிக்குச் சிறிது நேரம் வலு திரும்பியது. அப்படியானால் அசிட்டைல்கோலின் உற்பத்தியில்தான் குறையோ என்று எண்ணத் தோன்றும் அல்லவா? 1964-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு பை திறக்கும்போது தசையில் எழும் சிறு மின்னழுத்தம், நோயாளிகளிடம் இயல்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருந்தது. பையில் சரக்குக் குறைவு என்றார்கள்.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். வானொலி மெல்ல ஒலித்தால் நிலையத்தின் மீது மட்டும் பழி போடலாமா? நம் பெட்டியும் பழுதாகியிருக்கலாமே! அவர்கள் அளந்தது தசையின் மின்னழுத்தத்தை. பையிலிருந்த பொருளை அன்று.

கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சு இந்த ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்ளும். 1973-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் அந்த நஞ்சுடன் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஏற்பிகளை மதிப்பிட்டனர். நோயாளிகளின் தசையில் அவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! அதே ஆண்டில் கலிபோர்னியாவில், மின்விலாங்கின் ஏற்பிப் புரதத்தை ஊசி மூலம் பெற்ற முயல்களும் துவண்டு விழுந்தன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்த ஏற்பிகளையே தாக்குகின்றன என்பது புலனாயிற்று.

1976-இல் நோயாளிகளின் தசைத் துண்டுகளில் அசிட்டைல்கோலினையே அளந்தபோது, அது குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. பெட்டி மங்கியதால் நிலையம் ஒலியைக் கூட்டியது போல!

பிறகு ஏன் மாலையில் சோர்வு? தொடர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் திறக்கும் பைகள் யாருக்குமே குறைந்துகொண்டு போகும். நமக்கு ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் அது தெரிவதில்லை. நோயாளிக்கு அந்த உபரி இல்லை.

ஆகவே, சிதைவைத் தடுக்கும் பைரிடோஸ்டிக்மினை மட்டும் கொடுத்து மருத்துவர்கள் இன்று நிறுத்துவதில்லை. எதிர்ப்பொருள் உண்டாவதை அடக்கும் மருந்துகளையும் தருகிறார்கள். சிலருக்குத் தைமஸ் சுரப்பியை அறுவை செய்து அகற்றுகிறார்கள்.