‘கடவுள் ஆள்கிறார்’: ஒரு வாக்கியத்தின் இரண்டு அரசியல்கள்

1

தமிழில் ‘இறை’ என்ற சொல்லுக்குக் கடவுள் என்று ஒரு பொருள், அரசன் என்று ஒரு பொருள், வரி என்று ஒரு பொருள். குறளில் ‘இறைமாட்சி’ அரசனைப் பற்றிய அதிகாரம். கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்றால் வரி நீக்கப்பட்ட நிலம். கும்பிடுகிறவனும் வரி கட்டுகிறவனும் ஒரே சொல்லுக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவர்கள் ‘இறையாண்மை’ என்று சொல்லும்போதும் இந்தச் சிக்கல் கூடவே வருகிறது. கடவுள்தான் அரசர் என்றால், கோட்டையில் உட்கார்ந்திருக்கிற அரசர் யார்? கடவுளின் பிரதிநிதியா, போட்டியாளரா?

கஷ்டகாலத்தில் ஒரு விசுவாசி சொல்வது எளிமையானது: ‘எல்லாம் கர்த்தர் கையில இருக்கு’. வேலை போனாலும் இதுதான், கலவரத்தில் வீடு எரிந்தாலும் இதுதான். நம் இடதுசாரி நண்பர்கள் இதைக் கேட்டதும் ‘அபின்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மார்க்ஸ் அந்தச் சொல்லை எழுதிய அதே பத்தியில், மதத்துக்குள் துயரத்துக்கு எதிரான கண்டனமும் இருக்கிறது என்று எழுதியதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

‘கடவுள் ஆள்கிறார்’ என்ற வாக்கியம் தன்னளவில் அடிபணிதலும் அல்ல, கலகமும் அல்ல. யார், எங்கே நின்றுகொண்டு, யாருடைய துயரத்தைப் பற்றி அதைச் சொல்கிறார்கள் என்பதே அதன் அரசியலைத் தீர்மானிக்கிறது. இதைப் பார்க்க ஹிட்லர் கால ஜெர்மனியை விடத் தெளிவான இடம் கிடையாது.

அதற்கு முன் ஒரு விளக்கம். இந்த நம்பிக்கையை நாம் ‘ஊழ்’ என்று புரிந்துகொண்டால் தப்பாகப் போய்விடும். ஊழுக்கு முகம் இல்லை. அதனிடம் முறையிட முடியாது. கிறிஸ்தவ இறையியல் பேசும் ‘பராமரிப்பு’ ஒரு ஆளுடையது. அவரிடம் அழலாம், யோபு மாதிரி வழக்காடலாம். இக்கோட்பாட்டை மிகக் கறாராக எழுதிய கால்வின், பிரான்சிலிருந்து தப்பி ஜெனீவாவில் வாழ்ந்த அகதி. தன் முதன்மை நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் இது விதிவாதம் அல்ல என்று தனியாகவே வாதாடுகிறார். கடவுள் ஆள்கிறார் என்பதற்காக மனிதர் எச்சரிக்கையாக இருப்பதையும் வழி தேடுவதையும் விட்டுவிடக் கூடாது என்கிறார். அதே நூலின் கடைசியில், தனிமனிதர்கள் அரசனை எதிர்த்து எழக் கூடாது என்கிறார். கூடவே, கடவுளுக்கு எதிரான அரச கட்டளை யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் முடிக்கிறார். ஆக, பணிவும் எதிர்ப்பும் ஒரே பிரதிக்குள் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன.

2

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும் பகுதி அதை வரவேற்றது. ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற அமைப்பு தேசிய எழுச்சியில் கடவுளின் கரத்தைக் கண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய பிரஷ்யத் திருச்சபையின் சினாடு, பிரதிநிதிகள் பலர் பழுப்புச் சீருடையோடு உட்கார்ந்திருக்க, ‘ஆரிய விதி’யை ஏற்றுக்கொண்டது. யூத வம்சாவளிப் போதகர்களுக்கு இனி இடமில்லை என்பதுதான் அதன் பொருள்.

அடுத்த ஆண்டு இரண்டு வார இடைவெளியில் இரண்டு அறிக்கைகள் வந்தன. 1934 மே 29 முதல் 31 வரை பார்மென் நகரில் கூடிய சினாடு ஒன்றை வெளியிட்டது. பெரும்பகுதி கார்ல் பார்த் எழுதியது. ஜூன் 11இல் அன்ஸ்பாக்கிலிருந்து அதற்கு ஒரு லூத்தரன் மறுப்பு வந்தது. அதன் பின்னால் இருந்தவர்கள் வெர்னர் எலர்ட்டும் பால் அல்த்தவுசும். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், சாதாரணக் கட்சிக்காரர்கள் அல்ல.

இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். அன்ஸ்பாக் சொல்வது: குடும்பம், மக்களினம், இரத்த உறவு ஆகியவற்றின் வழியாகக் கடவுளின் சட்டம் நம்மை வந்தடைகிறது, நமக்கு இந்தத் தலைவரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி. அதாவது, இருப்பது எதுவோ அது கடவுள் வைத்தது. இங்கே இறையாண்மை ஒரு ரப்பர் முத்திரை. அதிகாரம் தயாராக வந்து நிற்கிறது, இறையியல் குத்திக் கொடுக்கிறது.

பார்மென் சொல்வது: கிறிஸ்து என்ற ஒரே வார்த்தையைத் தவிர வேறு நிகழ்வையோ ஆளுமையையோ திருச்சபை கடவுளின் வெளிப்பாடாக ஏற்காது, வாழ்க்கையில் வேறு எஜமானர்களுக்குச் சொந்தமான பகுதி எதுவும் கிடையாது, நீதியும் சமாதானமும் காப்பது அரசின் வேலை, ஆனால் மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு ஆகிவிட முடியாது. கடவுள் ஆள்கிறார், ஆகவே நீ ஆண்டவன் இல்லை. முத்திரையாக இருந்த அதே கோட்பாடு இங்கே மறுப்பாக மாறுகிறது.

அரசுப் பேராசிரியராக இருந்த பார்த், ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். 1935இல் பான் பல்கலைக்கழக வேலை போய், பாசலுக்குத் திரும்பினார்.

3

ஹிட்லருக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று ‘பராமரிப்பு’. 1939 நவம்பர் 8 இரவு மியூனிக் மதுக்கூடம் ஒன்றில் அவர் பேசிவிட்டுப் போன சில நிமிடங்களில் குண்டு வெடித்தது. பனிமூட்டத்தால் விமானத்தில் போக முடியாமல், ரயிலைப் பிடிக்க முன்கூட்டியே கிளம்பியிருந்தார். 8 பேர் செத்தார்கள். பத்திரிகைகள் அதிசயம் என்றன. மியூனிக் பேராலயத்தில் நன்றிப் பாடல் பாடினார்கள். 1944 ஜூலை 20இலும் அப்படியே. குண்டிலிருந்து தப்பிய அன்றிரவே வானொலியில் வந்து, தன் பணியைத் தொடரும்படி பராமரிப்பு இட்ட கட்டளையாக இதை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

பனிமூட்டம் கடவுளின் விரல் என்றால் அந்த எட்டுப் பேரின் சாவு யாருடைய விரல்? இப்படிக் கேட்டால் பதில் வராது. ஏனென்றால் இந்த வாசிப்பு தப்பித்தவனின் வாசிப்பு, ஜெயித்தவனின் வாசிப்பு.

1939இல் குண்டு வைத்தவர் கேயோர்க் எல்சர் என்ற தச்சர். எந்தக் குழுவையும் சேராமல், முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் தனியாக உட்கார்ந்து தூணைக் குடைந்தவர். அந்த நாட்களில் தேவாலயங்களுக்குப் போய் ஜெபித்ததாக விசாரணையில் சொன்னார். நன்றிப் பாடலும் இந்த ஜெபமும் ஒரே கடவுளை நோக்கித்தான் போயின. எந்தச் சினாடும் அவருக்காக அறிக்கை விடவில்லை.

4

டீட்ரிஷ் போன்ஹோஃபர் இவ்விரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு யோசித்தவர். 1933லேயே திருச்சபையின் கடமைகள் மூன்று என எழுதினார்: அரசைக் கேள்வி கேட்பது, பலியானவர்களுக்கு (அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும்) உதவுவது, தேவைப்பட்டால் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது. 1939இல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம். சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். பின்பு ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் பங்கெடுத்தார்.

1942 கிறிஸ்துமசை ஒட்டி நெருங்கிய சிலருக்காக ஒரு கட்டுரை எழுதினார். ‘பத்து ஆண்டுகளுக்குப் பின்’ என்பது தலைப்பு. கைதாவதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதியது. அதில் வரலாற்றில் கடவுளின் ஆளுகை பற்றிச் சிறியதொரு பகுதி வருகிறது. மிகக் கெட்டதிலிருந்தும் கடவுளால் நல்லதை உண்டாக்க முடியும், ஆனால் அதற்கு ஆட்கள் வேண்டும் என்கிறார். தாங்கும் பலம் முன்கூட்டியே கிடைக்காது, வேண்டிய நேரத்தில்தான் கிடைக்கும் என்கிறார். கடவுள் காலமற்ற விதி அல்ல. ஜெபத்துக்கும் பொறுப்பான செயலுக்கும் காத்திருந்து பதில் தருகிறவர் என்கிறார்.

‘கர்த்தர் பார்த்துக்குவார்’ என்று கையைக் கட்டிக்கொள்வதற்கு இங்கே இடமில்லை. ‘நான் செய்வது கடவுளின் சித்தம்’ என்ற மார்தட்டலுக்கும் இடமில்லை. கொலைச்சதியில் சேருவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அதைக் குற்றமில்லை என்று நியாயப்படுத்தவில்லை. குற்றத்தைச் சுமந்துகொண்டு, தீர்ப்பைக் கடவுளிடம் விட்டார். இறையாண்மையில் நம்பிக்கை என்பது அவருக்கு ‘நான் சுத்தமானவன்’ என்ற பிடிவாதத்தை விட்டுவிடுவது; பலன் நிச்சயமில்லாதபோதும் செயல்படுவது. அதே காலத்தைச் சேர்ந்த முடிவுறாத துண்டு ஒன்றில், வரலாற்றைக் கீழிருந்து, ஒதுக்கப்பட்டவர்களின், சந்தேகிக்கப்பட்டவர்களின் இடத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். மேலே சொன்ன ‘எங்கே நின்றுகொண்டு’ என்ற கேள்விக்கு இது பதில்.

1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாள் டாக்காவ் முகாமில் தச்சர் எல்சரைச் சுட்டார்கள். இந்த ஒற்றுமையில் ‘கடவுளின் திட்டம்’ தேட வேண்டாம். தோற்கப்போவது தெரிந்த ஓர் அரசு கணக்குத் தீர்த்தது, அவ்வளவுதான்.

5

பார்மெனைக் கொண்டாடி முடித்துவிடவும் முடியாது. ஆறு கூற்றுகள் கொண்ட அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருச்சபையின் சுதந்திரத்தைத்தான் அது காத்தது. யூதர் பிரச்சினையை மையமாக்காதது தன் குற்றம் என்று பார்த்தே 1967இல் போன்ஹோஃபரின் நண்பர் பெத்கேவுக்கு எழுதினார். போர் முடிந்து 1945 அக்டோபரில் வந்த ஸ்டுட்கார்ட் குற்ற அறிக்கையிலும் யூதர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கோட்பாடு சரியாக இருந்தாலும், யாருடைய துயரம் அதன் கண்ணில் படுகிறது என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்வியைத் தென்னாப்பிரிக்கா கேட்டது. 1983இல் இயற்றப்பட்ட அதன் அரசியல் சட்டம், தேசங்களின் விதியைக் கையில் வைத்திருக்கும் சர்வவல்லவருக்குப் பணிவு தெரிவித்துத் தொடங்கியது. அதே சட்டம் வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்திய வம்சாவளியினருக்கு ஓர் அவை கொடுத்தது (நேட்டால் தமிழர்களும் இதில் அடக்கம்). பெரும்பான்மைக் கறுப்பர்களுக்கு எதுவும் கிடையாது. 1985இல் சொவெட்டோவில் உருவான ‘கைரோஸ்’ ஆவணம் அந்த முகவுரையைப் பெயர் சொல்லிப் பிடித்தது: இது கடவுள் அல்ல, விக்கிரகம். கூடவே, அநீதியைத் தொடாமல் சமரசம் போதிக்கும் சபைகளையும் அது விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘கிறிஸ்தவர்கள் சமாச்சாரம்’ என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ‘வரலாறு நம் பக்கம்’ என்று கட்சிகள் பேசியதும் பராமரிப்புதான், கடவுள் இல்லாத பராமரிப்பு. இன்றைய பலியை நாளைய வெற்றியின் கணக்கில் எழுதியவர்கள் நம்மிடமும் உண்டு. இழவு வீட்டில் ஒரு தாய் ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று சொன்னால், அது அவளுடைய வாக்கியம்; நாளை காலை எழுந்து நிற்பதற்காகச் சொல்வது, அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. அதையே அவளைப் பார்த்து ஒரு பேராயரோ அமைச்சரோ கட்சிச் செயலாளரோ சொன்னால், அந்தச் சித்தத்தை அவருக்கு யார் அறிவித்தது என்று அங்கேயே கேட்க வேண்டும்.