ஒரு கட்டுரைக்கு நாற்பது டாலர்

“அண்ணா, பன்னிரண்டு பக்கக் கட்டுரை. நாற்பது டாலர் கேட்குது. இந்தக் காசு யாருக்குப் போகுது?”

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே டீ சொல்லிவிட்டு நின்றிருந்தபோது தெரிந்த தம்பி ஒருவர் செல்போனை நீட்டிக் கேட்டார். தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பாடம் எடுக்கிறவர். ஏரித் தண்ணீரில் சேரும் பாஸ்பேட்டை நீக்குவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறார். திரையில் கட்டுரையின் தலைப்பு இருக்கிறது, எழுதியவர்கள் பெயர் இருக்கிறது, பத்து வரியில் சுருக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே விலை. நம் காசுக்கு மூவாயிரத்தைத் தாண்டும். ஆய்வுக்குத் தலைப்பு முடிவு செய்வதற்கே இப்படி எத்தனையோ கட்டுரைகளைப் புரட்டியாக வேண்டும்.

அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எழுதியவருக்கு அதில் ஒரு பைசாவும் போகாது. ஆய்விதழ்களில் கட்டுரைக்குச் சன்மானம் கிடையாது. கட்டுரை தேறுமா என்று படித்துப் பார்த்துச் சொல்கிற மதிப்பீட்டாளர்களுக்கும் அநேகமாகக் கிடையாது. அவர்களும் எங்கோ பேராசிரியர்களாக இருப்பவர்கள். சம்பளம் அவரவர் பல்கலைக்கழகத்தில். ஆய்வுக்கூடத்தின் செலவோ பெரும்பாலும் ஏதாவது ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம்.

அப்படியானால் பதிப்பகம் என்னதான் செய்கிறது? செய்யத்தான் செய்கிறது. அந்த வேலையில் கணிசமான பகுதி நம் பக்கத்திலேயே நடக்கிறது என்று சொன்னதும் தம்பிக்கு ஆச்சரியம். சென்னையில் டிஎன்கியூ, நியூஜென், புதுச்சேரியில் இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காகப் பல வருடங்களாக இதழ்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. கட்டுரை வேர்டு கோப்பாக வந்து சேரும். காப்பி எடிட்டர் ஒருவர் வரிவரியாகப் பார்ப்பார். படம் 3 என்று எழுதியிருக்கும், படம் இருக்காது. மேற்கோள் பட்டியலில் ஆண்டு ஒன்று, கட்டுரைக்குள் ஆண்டு வேறு. அப்படிப்பட்ட இடங்களில் ஓரத்தில் ஏக்யூ1, ஏக்யூ2 என்று எழுதியவருக்குக் கேள்வி போடுவார். பிறகு எக்ஸ்எம்எல் குறியீடு, சமன்பாடுகளை ஒழுங்கு செய்வது, அட்டவணை உடையாமல் பக்கம் கட்டுவது, ப்ரூஃப் அனுப்பித் திருத்தம் வாங்குவது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்கிற நுணுக்கமான வேலை. உலகின் பெரிய இதழ்களுக்கு இப்படிப் பக்கம் கட்டிக் கொடுப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளே நாளைக்கு அதே பக்கத்தைத் திறக்க முடியாமல் நிற்கலாம். எனக்கு மனசு கேட்காத இடம் இது.

இந்த வேலைக்கும், ஆசிரியர் குழு அலுவலகத்துக்கும், சர்வருக்கும் செலவு உண்டு. ஆனால் அதெல்லாம் முதல் பிரதிக்கு ஆகிற செலவு. அச்சு இதழ் இருந்த காலத்தில் இரண்டாவது பிரதிக்கும் காகிதம், மை, தபால்தலை வேண்டியிருந்தது. வாங்குபவர் கூடக் கூடச் செலவும் கூடியது. மின்னிதழில் அப்படி இல்லை. ஒருவர் படித்தாலும் ஒரு லட்சம் பேர் படித்தாலும் பதிப்பகத்துக்கு ஏறக்குறைய ஒரே செலவுதான். இன்னொருவருக்குக் கொடுக்கச் செலவே இல்லாத ஒரு பொருளுக்கு எதை வைத்து விலை போடுவது? வாங்குகிறவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை வைத்துத்தான்.

ஆய்விதழ் விற்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு இதழுக்கு இன்னொரு இதழ் மாற்று ஆகாது. தம்பிக்கு வேண்டியது அந்தக் குறிப்பிட்ட பரிசோதனையின் அளவுகள்; அது விலை அதிகம் என்று வேறு கட்டுரையைப் படித்து ஒப்பேற்ற முடியாது. அதோடு, படிக்கிறவர் ஆய்வாளர், பணம் கட்டுகிறது நூலகம். விலை கூடினாலும் நூலகர் சட்டென்று நிறுத்திவிட முடியாது, துறைத்தலைவர்கள் விடமாட்டார்கள். எல்செவியர் போன்ற பெரும் பதிப்பகத்தின் ஆய்விதழ்ப் பிரிவு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபமாக எடுப்பது இப்படித்தான். உலகத்தில் வெகு சில தொழில்களில்தான் இந்த விகிதம் நிற்கும்.

1990-களின் நடுவில் மின்னிதழ் வந்த வேகத்தில் பதிப்பகங்கள் இதழ்களைக் கட்டுக்கட்டாக விற்கத் தொடங்கின. கேபிள்காரரிடம் நாலு சேனல் போதும் என்றாலும் மொத்தப் பேக்கையும் எடு என்பாரே, அந்த மாதிரி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தோடும் தனித்தனிப் பேரம்; பலவற்றில் விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவு. தியோடர் பெர்க்ஸ்ட்ரோம் என்ற பொருளியல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் தகவல் உரிமைச் சட்டங்களைப் பயன்படுத்தி அந்த ஒப்பந்தங்களை வாங்கிப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். எல்செவியர் கட்டுக்கு 2009-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் 21.6 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. ஏறக்குறைய அதே அளவான விஸ்கான்சின் 12.2 லட்சம். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை.

தனியாகப் போனால் இப்படித்தான் ஆகும், சேர்ந்து வாங்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1907-இல் வி. ராமசுவாமி அய்யர் என்ற டெபுடி கலெக்டர், கணக்கில் ஆர்வமுள்ள சிலரைக் கடிதம் மூலம் சேர்த்து ‘அனலிட்டிக் கிளப்’ தொடங்கினார். தனியாள் வாங்க முடியாத வெளிநாட்டுக் கணித இதழ்களைச் சந்தாக் காசு போட்டு வரவழைப்பது. புனே ஃபெர்குசன் கல்லூரியில் வைத்து உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விடுவது. அந்தக் கிளப்தான் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அதன் இதழில்தான் 1911-இல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரே பிரதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் அதைச் சாதித்தார்கள்.

நம் காலத்தில் ஐஐடி முதலான தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு இன்டெஸ்ட், பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி இன்ஃபோநெட், பிறகு 2015-இல் இவற்றை இணைத்து இ-ஷோத்சிந்து என்று கூட்டுக் கொள்முதல் வந்தது. அதன் தொடர்ச்சிதான் 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,000 கோடி. தலைக்கு ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். கேட்க மலிவுதான். ஆனால் 1.8 கோடியில் இளங்கலை முதலாண்டுப் பிள்ளைகளும் அடக்கம். அவர்களில் ஆய்விதழைத் திறப்பவர்கள் குறைவு. உண்மையில் படிக்கிறவர்களைக் கொண்டு வகுத்தால் தொகை எங்கேயோ போகும்.

என்றாலும் இதை நான் நல்ல காரியம் என்றே சொல்வேன். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் எப்போதும் நூலகம் உண்டு, நிதி உண்டு. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியின் எம்.எஸ்சி. மாணவிக்கு எது இருந்தது? இன்றைக்குத் திட்டத்தின் வரையறைப்படி இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கல்லூரி நெட்வொர்க்கிலிருந்து போனால் ஐபி முகவரியைப் பார்த்தே கதவு திறக்கும். வீட்டிலிருந்து என்றால் இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் லாகின் வேண்டும். லாகின் உருவாக்கிக் கொடுக்கக் கல்லூரியில் ஒரு ஆள் மெனக்கெட வேண்டும். பல கல்லூரிகளில் நூலகர் பணியிடமே காலி என்பதுதான் இங்கே பெரிய தடை.

எனக்குள்ள மனக்குறை வேறு. இந்தக் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் திட்டத்துக்கு வெளியே. ஜிஎஸ்டி ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். பிள்ளைகளில் பெரும்பகுதி படிப்பது எங்கே? பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் காசில் சந்தா கட்டிக்கொள்கின்றன. சின்னச் சுயநிதிக் கல்லூரிக்கு அது முடியாது. காலேஜை விட்டு வெளியே வந்த பட்டதாரிக்கும், தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கும் வழியே இல்லை. அவர்களைச் சேர்த்துக்கொண்டால் பதிப்பகத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. பதிப்பகங்கள் தயங்கக் காரணம், பெரிய தனியார் பல்கலைக்கழகங்களிடம் தனியாக வருகிற சந்தா போய்விடுமே என்பதுதான். அந்தப் பேரத்தை 6,000 கோடி கையில் இருக்கும்போது பேசாமல் எப்போது பேசுவது? ஒப்பந்தம் 2027-ஓடு முடிகிறது. அச்சு இதழ் என்றால் சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் நாம் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டும். நிறுத்திய பிறகும் பழையதைப் படிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. அடுத்த கையெழுத்துக்கு முன்னால் இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

“எல்லாத்தையும் இலவசமாவே போட்டா என்ன?” என்றார் தம்பி. போடுகிறார்கள். ஆனால் பெரிய பதிப்பகங்களில் அப்போது எழுதுகிறவர் காசு கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. படிக்க முடியாதவர் எழுத முடியாதவர் ஆகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி வேறு வழி காட்டுகிறது. ‘பிரமாணா’ போன்ற அதன் இதழ்களை அகாடமியின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். எழுதுகிறவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. இதற்கு 2,000 கோடி வேண்டாம். இந்த மாதிரி இதழ்களுக்கு அரசு இன்னும் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தருகிற சை-ஹப் தளத்தை இங்கே முடக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டுவிட்டது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020-இல் போட்ட வழக்கு. அந்தக் கதவு மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தம்பிக்கு இப்போதைக்கு இரண்டு வழி. கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே அதன் மற்றப் பதிப்புகளைக் காட்டும் இணைப்பு ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் பக்கம் கட்டாத பிரதி பல நேரம் கிடைக்கும். இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியில் நடந்த ஆய்வானால் அப்படி ஒரு பிரதியை வைக்க வேண்டும் என்று 2014-இலிருந்தே கொள்கை இருக்கிறது. கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல். சுருக்கம் இருக்கும் பக்கத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்ன உறைப் படம் போட்டிருக்கும், அவர்தான் பதில் சொல்லும் பொறுப்பில் உள்ளவர். என் பெயர் இது, இந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், இந்தக் கட்டுரை இந்த வேலைக்கு வேண்டும் என்று நான்கு வரி. படிக்க வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறார்கள், அனுப்பிவிடுவார்கள்.