செட்டுக்கும் ஏரியலுக்கும் நடுவில்

விசைப்படகில் வைக்கிற வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டின் முழுப் பலமே 25 வாட்தான். அது செட்டின் முதுகிலிருந்து கிளம்பி, கேபிளில் ஏறி, உச்சியில் நிற்கும் ஏரியலைச் சேர்ந்தால்தான் குரல் கடலைத் தாண்டும். போகிற வழியிலேயே அதைத் தின்றுவிட ஆட்கள் இருக்கிறார்கள். 10 மீட்டர் ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் ஏரியலுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 16 வாட். அதே நீளத்துக்குத் தடித்த ஆர்.ஜி.213 போட்டால் 20 வாட். இந்தக் கணக்கு பெரும்பாலான படகுக்காரர்களுக்குத் தெரியும். கேபிளைக் கையில் பிடித்துத் தடிமன் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு முனை இன்னொரு முனையோடு சேராதபோது நடுவில் போடுகிற அடாப்டரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கைக்குக் கிடைத்தது, திருகினால் இறங்கியது, முடிந்தது.

நாகப்பட்டினத்தில் படகுகளுக்கு செட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "கரையில பேசுறது நமக்குக் கேக்குது, நாம பேசுறது அவங்களுக்குக் கேக்கல" என்று ஒருவர் வந்து சொன்னால், செட்டைக் கழற்றுவதற்கு முன் நான் பார்ப்பது பின்னால் இருக்கும் இணைப்பைத்தான். எதிரில் இருப்பவரின் அலை பலமாக வந்தால், அரைகுறை இணைப்பு வழியாகக்கூடக் காதில் விழும். அனுப்பும்போது அப்படி நடக்காது. இணைப்பு சரியில்லை என்றால் போன மின்சக்தி திரும்பி வரும். தன்னைக் காத்துக்கொள்ள செட்டே பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படகு செட்டுகளின் முதுகில் பெரும்பாலும் இருப்பது எஸ்.ஓ.239 என்ற சாக்கெட். அதில் சேர்கிற பிளக் பி.எல்.259. 1930களில் அமெரிக்காவின் ஆம்ஃபினால் நிறுவனத்தில் குவாக்கன்புஷ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஜோடி இது. நடுப் பின் 4 மில்லிமீட்டர் பருமன். கடல் வயர்லெஸ் இயங்கும் 156 மெகாஹெர்ட்ஸில் இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இதை நம்பக் கூடாது. இதற்கு 'யு.எச்.எஃப். கனெக்டர்' என்று கடையில் பெயர் இருப்பதால், 400 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கும் இதையே கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த அலைவரிசைக்கு 'என்' (N) வகை கனெக்டர்தான் சரி.

பெரிய சங்கடமே இந்த 'என்' கனெக்டரும் பி.எல்.259-உம் ஒரே மரையில் செய்யப்பட்டிருப்பதுதான். இரண்டுக்கும் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஏரியல் அடியில் 'என்' வகை சாக்கெட் இருக்க, அதில் பி.எல்.259-ஐத் திருகினால் முதல் சில சுற்றுகள் சமர்த்தாக இறங்கும். பிறகு இறுகும். அங்கேதான் ஸ்பானர் எடுக்கிறார்கள். அப்படித் திருகிக் கொண்டுவந்த ஒரு படகு உரிமையாளர், "என்ன தம்பி, மரை சேந்துடுச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்டார். "மரை சேந்துச்சு அண்ணே, உள்ள பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினேன். மெல்லிய பின்னுக்காகச் செய்த இதழ்களுக்குள் 4 மில்லிமீட்டர் பின் போய் அவற்றை விரித்துப் போட்டிருந்தது. இனி அதில் சரியான பிளக்கை மாட்டினாலும் பிடிக்காது. ஏரியல் நல்ல ஏரியல். அடிச் சாக்கெட் போய்விட்டது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு அடாப்டர்: ஒரு பக்கம் 'என்' ஆண், மறுபக்கம் எஸ்.ஓ.239.

ஆண், பெண் என்பதை நடுவில் இருக்கும் பின்னை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வெளி மரையை வைத்துச் சொன்னால் தப்பாகப் போகும். கையடக்க செட்டுகளில் வரும் எஸ்.எம்.ஏ. வகையில் இது இன்னும் முக்கியம். சீனத் தயாரிப்புகள் பலவற்றில் செட்டின் உடம்பில் பின் நீட்டிக்கொண்டிருக்கும், ஏரியலில் துளை இருக்கும். வேறு பல நிறுவனங்களின் செட்டுகளில் நேர்மாறாக இருக்கும். வைஃபை கருவிகளுக்கென்று பின்னையும் துளையையும் இடம் மாற்றிச் செய்த தலைகீழ் எஸ்.எம்.ஏ. வேறு சந்தையில் இருக்கிறது. அதுவும் அழகாகத் திருகி உட்காரும். உள்ளே துளைக்கு எதிரே துளை, எதுவும் எதையும் தொடாது. ஆகவே சென்னை ரிச்சி தெருவுக்கு அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். செட்டையும் கேபிள் முனையையும் கையோடு எடுத்துப் போய், அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

கடைக்காரர் எடுத்துப் போட்டதும் நான் செய்வது இவை. பாகத்தில் காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. உப்புக் காற்றில் அது நிற்காது, பித்தளை வேண்டும். நடுத் துளையின் இதழ்கள் பின்னைக் கவ்வுகின்றனவா, தொளதொளவென்று விடுகின்றனவா என்று பார்ப்பேன். பிறகு மல்டிமீட்டர். நடுவிலிருந்து நடுவுக்குத் தொடர்பு இருக்க வேண்டும், நடுவுக்கும் உடம்புக்கும் இருக்கவே கூடாது. இதை அடாப்டரை ஆட்டிக்கொண்டே சோதிக்க வேண்டும். தனியாக வைத்தும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சில ஏரியல்கள் வடிவமைப்பிலேயே நடுவையும் உடம்பையும் சேர்த்து வைத்தவை. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால் பழுது என்று ஏமாந்துபோவோம்.

அடாப்டர் போட்டாலே பலம் பாதி போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. நல்ல அடாப்டர் ஒன்று 156 மெகாஹெர்ட்ஸில் தின்பதை என் மீட்டரில் பார்க்கவே முடியாது. நான் அடுக்கடுக்காகப் போட வேண்டாம் என்று சண்டை போடுவதற்குக் காரணம் வேறு. மூன்று துண்டுகளைக் கோத்து, அதன் முனையில் தடித்த கேபிளைத் தொங்கவிட்டால், என்ஜின் அதிர்வு முழுவதும் நெம்புகோலாகச் செட்டின் சாக்கெட்டில் விழும். கையடக்க செட்டின் எஸ்.எம்.ஏ. சாக்கெட் இதைச் சில நாள்கூடத் தாங்காது. அங்கே கட்டையான அடாப்டரே வேண்டாம். ஒரு முனையில் எஸ்.எம்.ஏ., மறுமுனையில் எஸ்.ஓ.239 வைத்த ஒரு அடி மெல்லிய கேபிள் வாங்குங்கள். வளைந்துகொடுக்கும்; எடை செட்டின் மேல் ஏறாது.

கேபிளைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு உண்டு: டிவி கேபிளை 75 ஓம் என்று ஒதுக்குகிறார்கள். 50 ஓம் செட்டோடு அது சேரும் இடத்தில் திரும்புவது 4 சதவீதம்தான். அதற்காக நான் பயப்படவில்லை. அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது, கடல் காற்றில் சீக்கிரம் வெளுத்துப் பொடியாகும். ஒதுக்குவது அதற்காக.

வெளியில் இருக்கும் இணைப்புக்குத் தண்ணீர்தான் எமன். பி.எல்.259 எவ்வளவு இறுக்கினாலும் நீர் புகும். புகுந்த நீர் செம்புப் பின்னல் வழியாகக் கேபிளுக்குள் வெகுதூரம் போய்விடும். பிறகு கேபிளையே மாற்ற வேண்டியதுதான். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, கீற்று வேய்வதுபோல் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அதன்மேல் சாதாரண டேப் ஒரு சுற்று, வெயிலுக்காக.

எல்லாம் முடிந்தபின், எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யு.ஆர். மீட்டரை செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 16ஆம் சேனலில் சோதிக்காதீர்கள், அது உயிர் காக்கும் சேனல். வேறு சேனலில், முதலில் 1 வாட்டில் பேசுங்கள். 1.5-க்குள் இருந்தால் நல்லது. 2 என்றால் 11 சதவீதம் திரும்புகிறது. 3 என்றால் கால் பங்கு. அந்த நிலையில் படகைக் கடலுக்கு விட நான் சம்மதிப்பதில்லை. முள் நிற்கும்போது அடாப்டரைக் கையால் மெல்ல அசையுங்கள். முள் துள்ளினால் அடாப்டர் வேண்டாம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. அவ்வளவு தூரத்துக்கு அதை எந்த அடாப்டராலும் எட்டவைக்க முடியாது. ஆனால் எட்டக்கூடிய தூரத்திலாவது குரல் எட்ட வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு படகிலும் கையடக்க செட் ஒன்று வைக்கச் சொல்கிறேன். வீல் ஹவுஸில் தண்ணீர் ஏறி பேட்டரி போனால் பெரிய செட் அணைந்துவிடும். கையடக்க செட்டில் அதற்கென்று பேட்டரி இருக்கிறது, பலம் 5 வாட். அதன் குட்டை ஏரியலோடு தளத்தில் நின்று பேசுவதைவிட, உச்சியில் இருக்கும் பெரிய ஏரியலில் சேர்த்துப் பேசினால் வெகுதூரம் கேட்கும். சேர்ப்பதற்கு வேண்டியது மேலே சொன்ன ஒரு அடி கேபிள்தான். நீர் புகாத டப்பாவில் போட்டு, கையடக்க செட்டோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். கரையில் இருக்கும்போதே ஒருமுறை மாட்டி, பேசிப் பார்த்துவிடுங்கள். படகில் ஏறுகிற எல்லோருக்கும் அதை மாட்டத் தெரிந்திருக்கட்டும்.