வாப்பாவையும் அம்மாவையும் வெளியே நிறுத்தும் விஞ்ஞானம்

திருகோணமலை மாவட்டத்தில் நிலவைக் கணக்கு வைக்காத வீடு அரிது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கிறார்கள். நகரத்துக் கோயிலடி வீடுகளிலும் சம்பூரிலும் அமாவாசையும் பறுவமும் பஞ்சாங்கத்தில் குறிக்கப்படுகின்றன. கந்தளாய்ச் சிங்களக் குடும்பங்களுக்குப் பறுவம் என்றால் போயா. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறவர்கள் நிலவு காயும் இரவுகளை விட்டு இருட்டு நாட்களைத் தேடுகிறார்கள். ஆனால் தலைப்பிறை ஏன் மேற்கே தோன்றிச் சற்று நேரத்தில் மறைகிறது, முழுநிலவு ஏன் சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழுகிறது என்பதைப் பிள்ளை பாடப்புத்தகத்துப் படத்தில் படித்து மனப்பாடம் செய்கிறது. வீட்டுக் கணக்குக்கும் புத்தகப் படத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை கிடையாது. பாடசாலைக்கு வெளியே நடக்கும் விஞ்ஞானக் கல்விக்கு இந்தப் பேச்சைத் தொடக்கிவைப்பதைவிடப் பெரிய வேலை இல்லை. அதற்குப் பிள்ளையை மட்டும் கூப்பிட்டால் போதாது, குடும்பத்தையே கூப்பிட வேண்டும்.

இப்போது பாடசாலைக்கு வெளியே பிள்ளை படிப்பது என்றால் பெரும்பாலும் ரியூசன்தான். அது பரீட்சையின் நீட்சி. அதற்கு அப்பால் வானியல், இலத்திரனியல் போன்றவற்றை ஊக்குவிக்கும் பெரிய நிறுவனங்கள் மேற்குக் கரையில் இருக்கின்றன. அறிபுனை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் முக்குளித்து, பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கடலுக்குள் கண்டார். அவர் பெயரில் 1984இல் எழுந்த தொழில்நுட்ப நிறுவனமோ மொறட்டுவையில் இருக்கிறது. நாட்டளவில் சிறுபான்மையான தமிழ் பேசும் குடும்பங்களுக்கு அந்தத் தூரம் கிலோமீற்றரில் மட்டும் இல்லை, மொழியிலும் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளே வந்தால் சிறுபான்மை என்ற சொல்லே இடறுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழ், சிங்களவர் கால்பங்குக்குச் சற்று மேல். பாதியைத் தொட்ட சமூகம் இங்கே இல்லை. மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்களோ சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. இப்படிப்பட்ட மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொதியைக் கொண்டுவந்து இறக்கும் கண்காட்சி யாருடைய வீட்டுக்கும் பொருந்தாது.

குடும்பத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், லூயிஸ் மோலும் நோர்மா கொன்சாலெசும் அவர்களுடைய சகாக்களும் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றி 1992இல் எழுதியது இன்றும் கல்வியாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் ஆய்வு. ஆசிரியர்களே மாணவர் வீடுகளுக்குப் போனார்கள். எதையும் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை, கேட்டு அறியப் போனார்கள். படிப்பு வாசனை இல்லாத வீடுகள் என்று ஒதுக்கப்பட்டிருந்த இடங்களில் பயிர்ச்செய்கை, சுரங்கம், கட்டடவேலை, வியாபாரம், மருந்து என்று ஆழ்ந்த அறிவு இருப்பதைக் கண்டார்கள். அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். நம் மாவட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும். படகின் வெளியிணைப்பு எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர், நிலாவெளி உப்பளத்தில் உப்பு எப்போது பூக்கும் என்று அறிந்தவர், பெரும்போகத்துக்கு விதைநெல் தெரிந்தெடுக்கும் தாய் ஆகியோரின் பிள்ளைகள்தான் வகுப்பில் பௌதிகமும் இரசாயனமும் விளங்காது என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு சான்று நம் கரையையும் தொட்ட ஆழிப்பேரலையிலிருந்து வருகிறது. 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே இருந்த இந்தோனேசியாவின் சிமெலூ தீவை அது சில நிமிடங்களில் அடைந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே வந்த பேரலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் பாட்டிமார் கடத்திவந்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு. இலங்கையை அலை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தும் இங்கே 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் நிலம் அப்படி ஆடி எச்சரிக்கவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் இங்கே வீட்டுக் கதை மட்டும் போதாது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் நடந்த நடுக்கம் அலையாக வந்து சேரும் என்ற விஞ்ஞானமும் அதே வீட்டுக் கதைக்குள் புக வேண்டும். வகுப்பில் படித்த பிள்ளை ஒன்று ஓடினால் ஓர் உயிர் தப்பும். அந்தப் பிள்ளையோடு சேர்ந்து படித்த வீடு ஒழுங்கையையே கூட்டிக்கொண்டு ஓடும்.

வீட்டு அறிவில் பிழை மலிந்திருக்கிறதே, அதற்கு விஞ்ஞானப் பட்டம் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிரகண நேரத்தில் சமைத்ததை உண்ணக் கூடாது, கர்ப்பிணி வெளியே வரக் கூடாது என்று சொல்கிற அதே வீட்டைத்தான் நான் ஆய்வுகூடம் என்கிறேன். பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவுநாளான 2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணத்தின் பாதை திருகோணமலை மேலாகவும் போனது. அந்த வேளையில் கிடுகுக் கூரையின் துவாரங்கள் ஒவ்வொன்றும் தரையில் சிறு சூரியனை வரையும், வேப்பமர நிழலிலும் அதே பிம்பங்கள் விழும். வெளியே வர அஞ்சும் தாய் வீட்டுக்குள் இருந்தபடியே, கண்ணுக்கு ஆபத்தில்லாமல், கிரகணத்தைப் பார்க்கலாம். பார்த்தபின் அச்சத்தைப் பற்றிப் பேசுவது வேறு மாதிரி இருக்கும். வீட்டுச் சொல்லை அப்படியே ஏற்கவும் வேண்டாம், எள்ளவும் வேண்டாம், அளந்து பார்த்தால் போதும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றைக் கச்சான் என்று மூத்தவர்கள் சொல்வது சரியான அவதானம். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் காற்று சூடேறி வருவதுதான் அது. இரண்டு வெப்பமானிகளை எடுத்து ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றினால், கச்சான் நாளில் இரண்டுக்குமான வித்தியாசம் எவ்வளவு விரிகிறது என்பதைத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தே குறிக்கலாம்.

நாட்கூலிக்குப் போகிற பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்விக்கு, நேரத்தை நிகழ்ச்சி நடத்துகிறவர்தான் மாற்ற வேண்டும் என்பேன். வாடை பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிறுபடகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கிறார்கள். குர்ஆன் மதரசா முடியும் மாலையில் பெண்களே நடத்தும் அமர்வு என்றால் தாய்மார் வருவார்கள். பரீட்சைக்கு இது உதவாது என்கிற பெற்றோரின் கவலையை அவ்வளவு இலேசாகத் தள்ள முடியாது, ஏனென்றால் வறிய வீட்டுக்குச் சான்றிதழ்தான் ஏணி. ஆனால் விளங்காமல் பாடமாக்கிய பிள்ளை கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே தடுமாறுகிறது. ஈரத்துணி வெப்பமானியைத் தானே வாசித்த பிள்ளைக்கு ஆவியாதல் பற்றிய வினா அந்நியமாக இராது.

எனக்கே தயக்கம் தரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. குடும்பம் குடும்பமாக, மொழி மொழியாகப் போனால், ஏற்கெனவே தனித்தனிப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் விஞ்ஞானத்திலும் பிரிந்துவிட மாட்டார்களா? அமர்வுகள் வீட்டு மொழியில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூச்சமில்லாமல் கேள்வி பிறப்பது அங்கேதான். ஆனால் எடுத்த அளவீடுகள் ஓரிடத்தில் கூட வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அதற்கு வாய்ப்பான இடம். இந்துக்கள் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள், அருகே முஸ்லிம்கள் போற்றும் அடக்கத்தலம் இருக்கிறது, பௌத்தர்களும் உரிமை சொல்கிறார்கள், தகராறு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. எரிமலை இல்லாத நாட்டில் இந்த நீர் சூடாக இருப்பதற்குக் காரணம், மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிப் பூமியின் வெப்பத்தோடு மேலே திரும்புவதுதான். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இருப்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை கிண்ணியாக் குடும்பம் ஒன்றும், சம்பூர்க் குடும்பம் ஒன்றும், கந்தளாய்க் குடும்பம் ஒன்றும் ஒரே வெப்பமானியால் ஏழையும் அளந்து ஒரே கொப்பியில் எழுதட்டும். மாரி மழைக்குப் பின் எந்தக் கிணறு எவ்வளவு ஆறுகிறது, ஏன் அது மட்டும் ஆறுகிறது என்று மூன்று மொழிவழக்கிலும் வாதாட அந்தக் கொப்பியில் போதிய எண்கள் இருக்கும்.